மஞ்சள் துணியில் முடிந்த ராஜா

செப்டெம்பர் 6, சனி

இடம்: கொலினின் வயல், வடக்கு மூலை. கோதுமை வெட்டிய தரை, நல்ல ஈரம். கிடைத்தவை: பித்தளைப் பொத்தான் இரண்டு, ஈயக் குண்டு ஒன்று, உழவு இயந்திரத்திலிருந்து கழன்ற ஆணி, பியர்ப் போத்தல் மூடி ஏராளம்.

உலோகம் தேடுகிறவன் கிடைத்ததை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. அதற்காக வாங்கிய கொப்பி இது. வேறு கதை எழுத அல்ல. பெற்றோல் நிலையத்தில் ஆயுள் முழுக்கக் காசுப்பெட்டிக்குப் பின்னால் நின்றவர் ஓய்வு பெற்றதும் வெறும் வயலில் காசு தேடுகிறார் என்று மனைவி தவமலர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஊர் என்றால் இங்கிலாந்தின் சஃபோக்கில் இந்தச் சின்ன ஊர். தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். ஆகவே ஃபோனில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆஸ்பத்திரிக் கடிதம் வந்திருக்கிறது. தவமலரின் வயிற்றுக் கட்டியை எடுக்க இருபத்தைந்தாம் திகதி. அவள் அதை மேசையில் விரித்து வைத்திருந்தாள். நான் சப்பாத்தில் மண் என்று கழுவப் போய்விட்டேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

அவசரப்படாமல், ஆறுதலாக எழுதுகிறேன்.

அதே வயல். உலோகம் தேடும் கருவியின் சத்தம் காதில் மெதுவாகத்தான் கேட்டது. இன்னொரு பியர் மூடி என்று அலுப்போடுதான் குனிந்தேன். ஒரு சாண்கூட ஆழமில்லை. மண்கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. வெள்ளி கறுக்கும், செம்பு பச்சை பிடிக்கும், பொன் மட்டும் எத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடந்தாலும் நேற்று விழுந்ததுபோல வெளியே வரும் என்று சங்கத்தில் சொல்வார்கள். கேட்டிருக்கிறேன், கண்டதில்லை. முழங்காலில் அப்படியே இருந்துவிட்டேன்.

தேய்க்கக் கூடாது. போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் கப்பல். கப்பலுக்குள் கிரீடத்தோடு ராஜா, ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். கப்பலைவிட ராஜா பெரிது! மறுபக்கம் பூவேலைச் சிலுவை, சுற்றிவரச் சிங்கங்கள். விளிம்பு சரியான வட்டமில்லை. இயந்திரம் வருவதற்கு முந்தைய காசு. இரண்டு அச்சுக்கு நடுவில் பொன் தகட்டை வைத்து ஒருவன் சுத்தியலால் ஓங்கி அடித்தது. மூன்றாம் எட்வேர்ட் காலத்து ‘அரை நோபிள்’. ஆறு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஒரே குறை, வெற்றிலையை முதல் மடி மடித்ததுபோல நடுவில் வளைந்திருந்தது.

ஒற்றைக் காசு கிடைத்தால் அது நிலத்துக்காரருடையது. கொலினோடு கைகுலுக்கிப் பேசியிருக்கிறேன். எது கிடைத்தாலும் அன்றே அவரிடம் காட்ட வேண்டும், வருவதில் பாதி பாதி. போனேன். அவருடைய கார் முற்றத்தில் இல்லை. நாளைக்குக் காட்டலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

தவமலர் கதிரையில் இருந்தபடியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் நின்று சமைக்க முடிவதில்லை. காசை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“இஞ்சருங்கோ, உண்மையான பவுணோ?”

“ராஜா காலத்துப் பவுண்.”

கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். “அரைப் பவுணுக்கு ஒரு துளி குறையும்” என்றாள். பிறகு சிரித்தாள். ஸ்கான் எடுத்த நாளுக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் காணவில்லை. “இவ்வளவு நாளும் ஈயம் பொறுக்கினதுக்கு அம்மாள் கண் திறந்திட்டா. இந்த நேரம் பார்த்துத் தந்திருக்கிறா எண்டால், அது எனக்குத்தான்.”

என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு விளங்குவதற்குள் ஒரு துணித்துண்டை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துவிட்டாள். அதை விரித்துக் காசை நடுவில் வைத்தவள் திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்கடைதானே? ஆரும் கேட்டு வரமாட்டினமே?”

“என்ரைதான்” என்றேன்.

துணியை முடிந்து, சாமி அலுமாரியில் எங்கள் ஊர்ப்பக்கத்து நயினாதீவு அம்மாளின் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். “தாயே, ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சுதெண்டால் இந்தப் பவுணை உன்ரை காலடியிலை கொண்டுவந்து போடுவன்.”

நேர்ந்து முடிந்ததை நிறைவேற்றும்வரை அவிழ்க்கக் கூடாது. ராஜா அம்மாளிடம் அகப்பட்டுக்கொண்டார்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

கொலினுக்கு ஃபோன் எடுக்கவில்லை.

தவமலர் இரண்டு நாளாக நல்ல நித்திரை. மாத்திரை கேட்கவில்லை. இன்று பருப்பு நான் வைத்தேன், உப்புப் போடவில்லை. “நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நீங்கள் பட்டினிதான்” என்றாள். பாண் இருக்கிறதே என்றேன். “பாணுக்கு வெண்ணெய் பூசவும் ஆள் வேணுமே” என்றாள். இப்படி நக்கலடித்தால் அவளுக்குச் சுகம் என்று அர்த்தம்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வயலுக்குப் போகவில்லை. மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

செப்டெம்பர் 18, வியாழன்

கொலின் வந்தார், வீட்டுக்கே!

எழுபது கடந்த மனிதர். மூன்று வருடத்துக்கு முன் மனைவி ஜீனைப் பறிகொடுத்தவர். இப்போது நாயும் அவரும்தான். தவமலருக்கு ஒப்பரேஷன் என்று கடையில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு பெட்டி முட்டையும் லீக்ஸ் கட்டும் கொண்டுவந்திருந்தார். அவர் பேசியது ஆங்கிலம். என் கொப்பிக்குள் வந்தால் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேச வேண்டும்.

“ஜோ, உன்னைக் காணவே கிடைக்கேல்லை. வயல் தேடுது” என்றார். சோதிலிங்கம் அவர் வாயில் ஜோ ஆகிப் பல காலம்.

தவமலர் தேத்தண்ணியும் உழுந்து வடையும் கொடுத்தாள். இருக்க வேண்டியவள் எழும்பி வடை சுட்டிருக்கிறாள், சொன்னால் கேட்டால்தானே. கொலின் வடையைக் கடித்தபடி சாமி அலுமாரியைப் பார்த்தார். “அந்த மஞ்சள் பொட்டலம் என்ன?”

தவமலரின் ஆங்கிலம் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதும். முகமெல்லாம் மலர, “யுவர் ஃபீல்ட்! யுவர் கோல்ட் கொயின்! தாங்க் யூ, வெரி தாங்க் யூ” என்றாள். தனக்குச் சுகம் வந்தால் அது தன் கடவுளுக்கு என்று மேலே கையைக் காட்டி வேறு சொன்னாள். நான் எல்லாம் அவருக்குச் சொல்லியிருப்பேன் என்ற நம்பிக்கை அவளுக்கு.

கொலின் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, வடைத் தட்டைப் பார்த்தேன். சங்கத்தில் இப்படி ஒருவன் செய்தால் பிறகு அவனுக்கு எந்த வயலும் இல்லை, எந்த முகமும் இல்லை.

“ஓ, அந்தக் காசோ” என்றார் அவர், அவசரமே இல்லாமல். “ஜோ சொன்னவன். அது இருக்கவேண்டிய இடத்திலைதான் இருக்கு.”

இன்னொரு வடை எடுத்தார்.

காரடியில் நான் வாயைத் திறந்தேன். “கொலின், நான்...”

“பெரிய காசோ?”

“அரை நோபிள். பொன்.”

விசில் அடித்தார். பிறகு, “ஒப்பரேஷன் எப்ப?”

“வாற வியாழன்.”

“அது முடியட்டும். பிறகு கொண்டுவந்து காட்டு. நான் உன்னோடை வடிவாக் கோபப்பட வேணும், அதுக்கு ஆறுதலா நேரம் வேணும்.”

கார் போனபிறகும் வாசலில் நின்றேன். அந்த மனிதன் தன் பொன்னை என் வீட்டில் விட்டுவிட்டு, எனக்காக ஒரு பொய்யையும் சொல்லிவிட்டுப் போகிறான். இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

செப்டெம்பர் 22, திங்கள்

மகள் மதுரா சிட்னியிலிருந்து, வரட்டோ வரட்டோ என்று கேட்கிறாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு பறக்காதே என்று தாய் சத்தம் போட்டாள். கொப்பர் இருக்கிறார்தானே என்றாள். நான் இருக்கிறேன்தான்.

செப்டெம்பர் 25, வியாழன்

இடம்: ஆஸ்பத்திரி, காத்திருக்கும் அறை. கிடைத்தவை: இன்னும் ஒன்றுமில்லை.

காலையில் புறப்படும்போது முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இது இருக்கு, எனக்குப் பயமில்லை” என்றாள். உண்மையைச் சொல்லாமல் விட்டது சரியா பிழையா என்று யோசிக்கக்கூட அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை. தள்ளுவண்டியில் போகும்போது, “பிறிட்ஜிலை மூண்டு நாளைக்குக் கறி இருக்கு, எல்லாத்தையும் இண்டைக்கே சாப்பிட்டு முடிக்காதேங்கோ” என்றாள். ஒப்பரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது.

கொலின் வந்திருக்கிறார். நான் கூப்பிடவில்லை. கடதாசியில் சுற்றிய சான்ட்விச் ஒன்றை என் மடியில் வைத்துவிட்டு, விவசாயப் பத்திரிகையை விரித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். ஜீனுக்காக அவர் இருந்ததும் இதே அறைதானாம்.

பின்னேரம்: டொக்டர் வந்தார். கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, கண்ணுக்குத் தெரிய வேறெங்கும் பரவவில்லை, பரிசோதனை முடிவு பிறகு வரும் என்றார். என் கண்ணுக்குள் ஏதோ விழுந்துவிட்டது. கொலின் கைலேஞ்சி தந்தார். அதில் உழவு இயந்திர எண்ணெய் மணத்தது. துடைத்தபிறகு இன்னும் மோசம்.

ஒக்டோபர் 1, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: டொக்டர். அவள் பெயரைச் சரியாக உச்சரிக்க இரண்டு தரம் கேட்ட மலையாளத் தாதி. தவமலர் சாப்பிடவில்லையென்று தன் வீட்டுக் கஞ்சியைக் கொண்டுவந்த பிலிப்பைன்ஸ் தாதி. அவளுடைய கட்டிலைச் சன்னல் பக்கம் தள்ளிவைத்த அந்த நெடுவல் பொடியன். வாசலில் முட்டைப் பெட்டி வைத்துவிட்டுச் சொல்லாமல் போனவர், அவர் யாரென்று எனக்குத் தெரியும்.

ஒக்டோபர் 9, வியாழன்

முடிவு வந்தது. பரவவில்லை. மருந்தும் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். ஃபோனை வைத்தேன். அம்மாளே, அம்மாளே என்று அவள் சொன்னாள்.

அவள் உடனே கலண்டரை எடுத்துவிட்டாள். ஊருக்குப் போகவேணும், நேர்த்தி கழிக்கவேணும். இனிப் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்: அது கொலினின் காசு, நான் காட்டவில்லை, அன்றைக்கு அவர் சொன்னது பொய்.

அவள் முகம் மாறியது.

“அப்ப அந்த மனுசன் எனக்காகப் பொய் சொன்னவர்.”

“ஓம்.”

“நீங்களும் எனக்காகத்தான்.”

“ஓம்.”

“கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடிச்ச கதையாப் போச்சே! அதுவும் என்ரை கையாலை! அம்மாளுக்கு முன்னாலை இனி எந்த முகத்தோடை நிக்கிறது?”

பின்னேரம்வரை என்னோடு பேச்சில்லை. பிறகு சாமி அலுமாரிக்கு முன்னால் போய் நெடுநேரம் அம்மாளோடு ஏதோ கதைத்தாள். முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து என் கையில் தந்தாள். தன் விரல் மோதிரத்தைக் கழற்றி அதே துணியில் முடிந்து வைத்தாள்.

“இது என்ரை அம்மா போட்டு விட்டது. நீங்கள் வாங்கித் தந்ததெண்டால் முதல்லை ஆரின்ரை எண்டு விசாரிக்க வேணும்.”

எனக்கு இந்தப் பேச்சு வேண்டும்தான்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கொலின் வீடு. அவளும் வந்தாள். வரவேண்டாம் என்று நான் சொன்னதை அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சொன்னபடியே கோபப்பட்டார். முகம் சிவக்க, மேசையில் தட்டிக் கத்தினார், அவருடைய நாய்கூட எழும்பி வெளியே போய்விட்டது. “நீ கேட்டிருந்தால் நான் இல்லையெண்டோ சொல்லியிருப்பன்? அவவுக்குக் குடுக்க மாட்டன் எண்டோ நினைச்சனி?” என்றார். திட்டியதைவிட அந்தக் கேள்விதான் எனக்குச் சுட்டது. இல்லை, கேட்கவே பயந்தேன், அவளைப் பற்றி யாரோடு பேசவும் பயந்தேன் என்று சொன்னேன். இந்தக் கொப்பிக்குள்கூட எழுதாததை அங்கே எப்படிச் சொன்னேனோ தெரியாது.

கொலின் கேத்திலை அடுப்பில் வைத்தார். பிறகுதான் காசைச் சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். என் தாத்தா காலத்திலிருந்து இதற்கு மேலாலேயே நாங்கள் உழுதிருக்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒக்டோபர் 24, வெள்ளி

கண்டெடுத்த பொருள்களை மியூசியத்தில் பதிவு செய்யும் பெண்ணிடம் மூவரும் போனோம். பெயர் பிலிப்பா. காசை நிறுத்து, விளக்கின் கீழ் வைத்து, எழுத்தில் ஏன் மஞ்சள் கறை என்று கேட்டாள். தவமலர் தயங்காமல், மஞ்சள், சமையல் மஞ்சள், சுகமில்லாதவருக்காகக் கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லி, முடிச்சுப் போடுவதைக் கையால் செய்து காட்டினாள்.

பிலிப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் இங்கேயும் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாம். வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால், அவருக்கு மேலே ஒரு காசைப் பிடித்து, ஒரு புனிதரின் பெயரைச் சொல்லி வளைப்பார்களாம். வளைத்த காசு பிறகு கடைக்குப் போகாது, அந்தப் புனிதருக்கு உரியது. அநேகமாக வெள்ளிக் காசுதான், பொன் அருமை. “கலப்பை பட்டும் வளைஞ்சிருக்கலாம், நிச்சயமாச் சொல்லமாட்டன்” என்றாள். ஆனால் இவ்வளவு ஒழுங்காகக் கலப்பை மடிக்காது என்றும் சொன்னாள். சிலுவையைச் சுற்றியிருந்த லத்தீன் எழுத்தையும் வாசித்தாள். ஆண்டவரே, கோபத்தில் என்னைத் தண்டித்துவிடாதேயும் என்று பொருளாம். அந்தக் கால அரை நோபிள் எல்லாவற்றிலும் அதுதான் எழுதியிருக்குமாம்.

“நாங்களும் இதைத்தானே சொல்லிக் கும்பிடுறனாங்கள்” என்றாள் தவமலர் என்னிடம்.

அந்த வயலுக்குள்ளால் முன்பு சேர்ச்சுக்கு ஒரு நடைபாதை போனதென்றும், தன் தாத்தா அதை உழுதுவிட்டார் என்றும் கொலின் சொன்னார். “அப்ப வழியிலை விழுந்திருக்கும். போய்ச் சேரேல்லை” என்றாள் பிலிப்பா.

வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் தவமலர் சொன்னாள். “ஆரோ நேர்ந்த காசு, இன்னும் குடுபடாமல் கிடக்கு. அது தெரியாமல் நான் அதை இன்னொருக்கா நேர்ந்திருக்கிறன். கொலினைக் கேளுங்கோ, ஒரு நாளைக்கு எண்டாலும் அதை அந்தச் சேர்ச்சிலை கொண்டுபோய் வைப்பமெண்டு.”

கேட்டேன். ஜீனின் அடக்கத்துக்குப் பிறகு தான் அந்தப் படி ஏறியதில்லை என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் கொலினின் ஃபோன். “பூசை முடிஞ்சு சனம் போயிருக்கும். வெளிக்கிடுங்கோ.” நாளைக்குக் காசை மியூசியத்துக்குக் கொடுக்கப் போகிறார், என் பாதியையும் நான் வேண்டாம் என்றுவிட்டேன், கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். அதற்கு முன்னால் இது.

வயலுக்குள்ளாலேயே நடந்தோம். தவமலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக வந்தாள். சேர்ச் வாசலில் செருப்பைக் கழற்றினாள். இது கல் நிலம், குளிரும், இங்கே கழற்றத் தேவையில்லை என்றேன். அவள் ஏற்கனவே உள்ளே. நான் கழற்றினேன். கொலின் எங்களிருவரையும் பார்த்துவிட்டு, முனகிக்கொண்டு குனிந்து தன் பூட்ஸைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

அவரே காசைப் பீடத்தின் வெள்ளைத் துணியில் வைத்தார். தவமலர் கைகூப்பினாள். “ஆரெண்டு தெரியாது சாமி. உங்களுக்கெண்டு நேர்ந்தது. கொண்டுவரப் பிந்திப்போச்சு, குறை நினையாதேங்கோ.” தமிழில்தான் சொன்னாள்.

கொலின் முன்வரிசை மர வாங்கில் உட்கார்ந்தார். “நானும் இந்த வாங்கிலை இருந்து கேட்டனான் ஜோ, ஜீனுக்காக” என்றார். பிறகு காசைக் காட்டி, “அதை நேர்ந்ததுகளும் பாவம். பொன்னையே நேர்ந்தும் காசும் போய், ஆளும் போயிருக்கும்” என்றார்.

தவமலருக்கு அது விளங்கிவிட்டது. “இல்லையெண்டு சொல்லுங்கோ” என்றாள் என்னிடம்.

“என்ன இல்லை?”

“நேர்ந்த காசை ஆராவது முதலே கொண்டு ஓடுவினமே? வருத்தம் மாறுமட்டும் அது வீட்டிலைதான் கிடக்கும். சுகம் வந்தாப் பிறகுதான் கொண்டு வெளிக்கிடுவினம். காசு வயல் வழியிலை கிடந்ததெண்டால் அந்த ஆள் எழும்பியிட்டுது எண்டுதானே அர்த்தம்?”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கொலின் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இன்னொருக்காச் சொல்லு” என்றார். இன்னொருமுறை சொன்னேன். அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்புத்தான் வந்தது.

“அப்ப எப்பிடி அவ்வளவு பெரிய பொன்னைத் துலைச்சதுகள்?” என்று கேட்டார்.

தவமலர் அதற்கும் யோசிக்கவில்லை.

“சந்தோசத்திலை” என்றாள். “சந்தோசத்திலை கையிலை என்ன கிடக்கெண்டே தெரியாமல் நடந்திருப்பினம்.”

அதையும் அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.